ஒரே உயிர் என்ற விதி யாருக்கு?

விளையாட்டில் தோற்றால் மறுபடி விளையாடலாம், வாழ்க்கையில் அப்படி முடியாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கள் வயதுப் பிள்ளைகள் சிலர் இன்று இதைத் தலைகீழாக மாற்றி விளையாடுகிறார்கள். தோற்றால் திரும்ப வழியில்லை என்ற விதியைத் தாமாகவே விளையாட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘போனை வைத்துவிட்டுப் படி’ என்று சொல்லும் பெற்றோரும் இதைக் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

போக்கிமான் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் ஆசை கொண்டிருந்த சட்டோஷி தஜிரி என்ற ஜப்பானியர், அந்த ஆசையை வைத்தே இந்த விளையாட்டை உருவாக்கினார். முதல் பதிப்பு 1996இல் ஜப்பானில் வெளிவந்தது. காடு, மலை, குகை எங்கும் அலைந்து விதவிதமான உயிரினங்களைப் பிடிக்க வேண்டும். அவற்றைப் பழக்கி, மற்றவர்களின் உயிரினங்களோடு மோதவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஆறை மட்டுமே கூட வைத்திருக்கலாம். மோதலில் வீழ்ந்த உயிரினம் சாவதில்லை, மயங்கிவிடும். பக்கத்து ஊரிலுள்ள சிகிச்சை நிலையத்தில் கொடுத்தால் காசில்லாமலே குணமாகிவிடும். ஆகவே தோல்வி யாருக்கும் பெரிதாக வலிப்பதில்லை.

2010இல் நிக் பிராங்கோ என்ற அமெரிக்க இளைஞர், ‘போக்கிமான் ரூபி’யை விளையாடும்போது தனக்குத்தானே இரண்டு விதிகளைப் போட்டுக்கொண்டார். ஒவ்வோர் இடத்திலும் முதலில் எதிர்ப்படும் உயிரினத்தை மட்டுமே பிடிக்கலாம், தப்பினால் தப்பியதுதான். மோதலில் வீழ்ந்தது இறந்ததற்குச் சமம். அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. தன் அனுபவத்தை அவர் சித்திரக்கதையாக வரைந்து இணையத்தில் வெளியிட்டார். அந்த விதிகளுக்கு ‘நஸ்லொக்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிடித்த ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்ட வேண்டும் என்ற மூன்றாவது விதியும் பின்னர் சேர்ந்துகொண்டது.

இதிலும் கடினமான ஒரு வகை இருக்கிறது. ரசிகர்கள் உருவாக்கிய ‘ரேண்டமைசர்’ என்ற மென்பொருள், எந்த இடத்தில் எந்த உயிரினம் வரும் என்பதையெல்லாம் குலுக்கிப் போட்டுவிடும். முதல் புல்வெளியிலேயே பெரிய நாகம் போன்ற ஒன்று கிடைக்கலாம். துள்ளுவதைத் தவிர எதுவும் தெரியாத ‘மெஜிகார்ப்’ என்ற மீனும் கிடைக்கலாம். எதிராளிக்கு என்ன கிடைத்திருக்கிறது என்பதும் தெரியாது. கிடைத்ததை வைத்துத்தான் ஆட வேண்டும், இழந்ததைத் திரும்பப் பெற முடியாது.

இது வெறும் நேர வீணா? என் சாச்சியின் மகனுக்குப் பதினான்கு வயது. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றின் பின்பக்கங்களில், தான் பிடித்தவற்றின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். ‘கொழுந்து’ என்று பெயர் வைத்த ஒன்றுக்கு நேரே, ‘மூன்றாவது தலைவரிடம் போனது. நான் அவசரப்பட்டேன்’ என்று எழுதியிருந்தான். கணிதப் பரீட்சையில் பிழைத்த கணக்குக்குக் கூட அவன் இப்படிக் காரணம் எழுதியதில்லை. அந்த மெஜிகார்ப் மீனையும் யாரும் வீசிவிடுவதில்லை. அது 20ஆம் படியை எட்டினால் ‘கியாரடோஸ்’ என்ற வலிமையான உயிரினமாக மாறும் என்பது தெரியும். அதுவரை அடிபடாமல் பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள்.

குலுக்கல் என்றதும் இது சூது இல்லையா என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கே யாரும் பணத்தைப் பந்தயம் வைப்பதில்லை; ஒருவருக்கு நட்டம் வந்து மற்றவர் இலாபம் பெறுவதுமில்லை. கவனிக்க வேண்டியவை வேறு விளையாட்டுகள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்கும் விளையாட்டுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பெட்டிகள் சில தமது சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேண்டமைசருக்காகத் திருட்டுப் பிரதிகளைத் தரவிறக்குவது பிழை. விளையாட்டு மணிக்கணக்கில் நீண்டு தொழுகைக்கும் படிப்புக்கும் இடையூறானால், அப்போது போனை வாங்கி வைப்பதும் பிழையில்லை.

ஆனால் இந்த விளையாட்டைப் பார்க்கும்போது எனக்கு வரும் கேள்வி வேறு. ‘ஒரு தடவை வீழ்ந்தால் முடிந்தது’ என்ற விதி விளையாட்டில் அழகாக இருப்பதற்குக் காரணம், விளையாடுபவரே அதை விரும்பி எடுத்துக்கொள்வதுதான். வேண்டாமென்றால் அவர் நாளைக்கே விட்டுவிடலாம். அதே விதியை ஒருவரைக் கேளாமல் இன்னொருவர் அவருடைய வாழ்க்கையில் போட்டால் அது விளையாட்டா?

நாம் எங்கே பிறந்தோம் என்பதும் நாம் தேர்ந்ததல்ல. ஒருத்தி கொழும்பில் பெரிய பாடசாலைக்குப் பக்கத்தில் பிறக்கிறாள். இன்னொருத்தி அட்டனுக்கு அப்பால், விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தோட்டத்துப் பாடசாலைக்குப் பக்கத்தில் பிறக்கிறாள். அரசாங்கமே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அரச பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. அதோடு, பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். ஒரே தடவை போதாது என்பது சட்டம் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எங்கள் வீடுகளுக்குத் தெரிந்திருக்கிறதா? முதல் தடவை பெறுபேறு சரிவராத ஆண்பிள்ளையிடம், ‘பரவாயில்லை மகன், அடுத்த முறை பார்ப்போம்’ என்கிறோம். அதே வீட்டில் பெண்பிள்ளைக்கு, ‘படித்தது போதும், இனி வீட்டைப் பார்’ என்ற பேச்சு வருகிறது. எல்லா வீடுகளையும் சொல்லவில்லை. வாப்பாமாரின் கஷ்டமும் எங்களுக்குத் தெரியும். டியூசன் காசு, பனிமூட்டத்தில் பஸ் பயணம், ஊர்ப்பேச்சு எல்லாம் இருக்கின்றன. தோட்டத்துத் தோழிகளுக்கு இன்னும் மோசம். பெறுபேறு வந்த மாதமே கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அது கல்நெஞ்சமல்ல, வறுமை.

ஆனாலும் வழி இருக்கிறது. தனியார் பரீட்சார்த்தியாக வீட்டிலிருந்தே படித்து மீண்டும் எழுதலாம். திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கள் மலையகத்திலேயே பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. இவற்றைப் பற்றி ஒரு நாளாவது மகளோடு உட்கார்ந்து பேசாமல் முடிவெடுப்பதைத்தான் நான் கேட்கிறேன்.

கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குச்சி குச்சியாக, உயிரே இல்லாதது போல நிற்கும். செத்துவிட்டது என்று எந்தத் தோட்டத்திலும் அதைப் பிடுங்கிப் போடுவதில்லை. சில மாதங்களில் துளிர்க்கும் என்று தெரிந்து காத்திருக்கிறார்கள். செடிக்குக் கொடுக்கும் தவணையைப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

தோழிகளே, ஒரே உயிர் என்ற விதியை விளையாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அது கவனத்தையும் பொறுமையையும் பழக்கும். பெற்றோரே, அடுத்த பெறுபேறு வரும் நாளில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ‘மகள், இன்னொரு தடவை எழுத விருப்பமா?’ பதில் எதுவானாலும், அதை அவள் வாயால் சொல்லட்டும்.