தண்ணீரினால் சரியும் பாலைவனக் கோட்டை

மழை அரிதாகவே பெய்யும் பாலைவனத்தில் இருக்கும் ஒரு கோட்டையைத் தண்ணீர் அரித்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் வாசகர்கள் நம்பத் தயங்கக்கூடும். ஆனால், இந்தியாவின் மேற்கு எல்லையோரம் தார் பாலைவனத்தில் அமைந்திருக்கும் ஜெய்சால்மேரின் நிலை இன்று அதுதான். உல்லாசப் பயணியாக அந்த நகருக்குச் சென்று மூன்று நாட்கள் தங்கித் திரும்பியவன் என்ற வகையில், உல்லாசப் பயணிகளுக்கு இதில் இருக்கின்ற பங்கைப் பற்றிச் சில கருத்துகளைக் கூறவேண்டும் என்று நினைக்கிறேன்.

ராஜபுத்திர மன்னரான ராவல் ஜைசால் 1156ஆம் ஆண்டில் திரிகூடம் என்ற குன்றின் மீது இந்தக் கோட்டையை நிறுவினார். 99 கொத்தளங்களைக் கொண்ட அதன் மதில்கள் மஞ்சள் நிற மணற்கல்லினால் ஆனவை. மாலை வெயிலில் அவை பொன்னாக மின்னுகின்றன. சத்யஜித் ராய் 1974இல் 'சோனார் கெல்லா' (பொற்கோட்டை) என்ற திரைப்படத்தை இங்கு எடுத்த பிறகு வங்காளிகள் கூட்டங்கூட்டமாக வரத் தொடங்கினர். இன்றும் கோட்டை வாசலில் வங்காள மொழி தாராளமாகக் காதில் விழுகிறது.

ஒட்டகங்களில் பண்டங்களை ஏற்றிச் சென்ற வணிகச் சாத்துகளே ஒரு காலத்தில் இந்த நகரை வாழவைத்தன. பட்வா வணிகக் குடும்பத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய ஐந்து மாளிகைகளின் கல் வேலைப்பாடுகளைப் பார்ப்பவர்களுக்கு அந்தச் செல்வத்தின் அளவு புரியும். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபோது பாலைவன வணிகம் தேய்ந்தது. 1947 பிரிவினையுடன் சிந்து நோக்கிய பாதைகள் முற்றாகவே மூடப்பட்டன. பிழைப்புத் தேடிப் பலர் வெளியேறினர். 1965, 1971 யுத்தங்களை அடுத்து எல்லைப் பாதுகாப்பின் தேவைக்காக வீதியும் ரயிலும் முக்கியத்துவம் பெற்றன. அவற்றின் வழியாக உல்லாசப் பயணிகளும் வந்து சேர்ந்தனர். வணிகச் சாத்துகள் விட்டுச் சென்ற வெற்றிடத்தை இன்று நிரப்பியிருப்பவர்கள் அவர்களே.

இந்தக் கோட்டைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இதற்குள் மக்கள் இன்னமும் வாழ்கிறார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு அது வீடு. பழைமையான சமண ஆலயங்களுக்கு அருகில் மளிகைக் கடை இருக்கிறது. அரண்மனைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். ராஜஸ்தானின் ஆறு மலைக் கோட்டைகளை யுனெஸ்கோ 2013இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது ஜெய்சால்மேரும் அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது.

வருடத்துக்கு 200 மில்லிமீற்றர் மழை கூடப் பெய்யாத நிலத்துக்கு ஏற்ற விதத்திலேயே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பல இடங்களில் சாந்து எதுவுமின்றிக் கற்களை ஒன்றுடனொன்று பொருத்தி அடுக்கினார்கள். வீட்டுக் கூரைகளில் மர உத்தரங்களின் மேல் மண்ணைத் தடிப்பாக இட்டார்கள். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் கடீசர் ஏரியிலிருந்து குடங்களில் நீர் வந்தது. தலையில் சுமந்து மலையேற்றிய நீரை எவரும் வீணாக்குவதில்லை. இதே பிரதேசத்தின் பாலிவால் அந்தணர்கள், ஓடிவரும் மழைநீரை மண் அணையினால் மறித்து, அந்த ஈரத்திலேயே கோதுமை விளைவித்தவர்கள். தண்ணீரின் அருமையை அறிந்த சமூகங்கள் அவை.

பின்னர் குழாய் நீர் வந்தது. வீடுகளின் ஒரு பகுதி விடுதிகளாகியது. ஒவ்வோர் அறைக்கும் குளியலறையும் மலசலகூடமும் தேவைப்பட்டன. உள்ளே வரும் நீரைப் பாதுகாப்பாக வெளியேற்றுவதற்குப் போதுமான வடிகால்கள் இருக்கவில்லை. கசிந்த நீர் குன்றின் களிமண் படைகளுக்குள் இறங்கியது. ஈரமடைந்தால் வீங்கி நெகிழும் மண் அது. 1990களில் கொத்தளங்கள் சில சரிந்தன. ஆபத்துக்குள்ளான உலகின் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையின் பெயரும் சேர்ந்தது. திருத்த வேலைகள் நடைபெறாமல் இல்லை. ஆனாலும், 2024 ஆகஸ்டில் பெய்த கடும் மழையில் மதிலின் ஒரு பகுதி மீண்டும் இடிந்து விழுந்தது. மழையை மாத்திரம் அதற்குக் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது.

டில்லியில் இருக்கும் பத்திரிகை நண்பர் ஒருவரின் ஆலோசனைப்படி நான் கோட்டைக்கு வெளியே, கீழ் நகரில்தான் அறை எடுத்தேன். கோட்டைக்குள் சிறிய விடுதியொன்றை நடத்துபவரிடம் தேநீர் அருந்தியவாறு இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் கீழே தங்கியது சரி ஐயா. ஆனால், என் பிள்ளைகள் படித்தது இந்த மூன்று அறைகளின் வாடகையில். நான் எங்கே போவது?" என்று கேட்டார். அவருடைய வீட்டுச் சுவரில் ஒரு விரல் நுழையக்கூடிய வெடிப்பு இருந்தது.

கோட்டையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குடியிருப்பாளர்களை வெளியேற்ற வேண்டும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அந்தக் கற்களை உயிருடன் வைத்திருப்பவர்கள் அவர்களே. மக்கள் இல்லாத ஜெய்சால்மேர், நுழைவுச்சீட்டு விற்கப்படும் இன்னொரு வெறுங்கோட்டையாகிவிடும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி நூறு மீற்றருக்குள் புதிய கட்டுமானங்களைத் தடை செய்யும் 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவசியமானதே. ஆனால், தன் வீட்டுச் சுவரைத் திருத்துவதற்கும் அனுமதி பெறவேண்டியவரிடம் மரபுரிமையைப் பற்றிப் பேசுவது எடுபடாது.

வெளியேற்றப்பட வேண்டியவை கோட்டைக்குள் இருக்கும் விடுதி அறைகளே. அதுவும் தண்டனையாக அல்ல. விடுதி நடத்துபவர்களுக்குக் கீழ் நகரில் நிலமும் நியாயமான நட்டஈடும் கொடுத்து, குடும்பங்கள் மேலேயே வாழ வழிசெய்ய வேண்டும். கசியாத வடிகால் அமைப்பு அதற்கு முன்னர் வரவேண்டும். அரசாங்கத்தினால் செய்ய முடியாத காரியங்கள் அல்ல இவை. மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடிப்பதற்குக் காட்டும் அக்கறையை மரபுரிமையைப் பேணுவதிலும் காட்டினால் போதும்.

அதுவரை முடிவு பயணிகளின் கையில் இருக்கிறது. நமது தமிழர்கள் இன்று உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் ராஜஸ்தானுக்குச் செல்கிறார்கள். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான்: ஜெய்சால்மேருக்குப் போங்கள். பகல் முழுவதும் கோட்டைக்குள் நடவுங்கள். அங்குள்ள கடைகளில் பொருட்கள் வாங்குங்கள். அங்குள்ளவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்திக்கொள்ளுங்கள். ஆனால், இரவு கீழே இறங்கி வந்து குளியுங்கள். கோட்டைச் சாளரத்திலிருந்து சூரியோதயத்தைப் பார்க்கும் ஆசையை விட்டுக்கொடுப்பதனால் நமக்குப் பெரிய நட்டம் எதுவும் இல்லை. அந்தச் சாளரம் நமது பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அங்கு இருக்க வேண்டும்.