ஒரு காகிதப் பைக்காக ஓர் இயந்திரமா?

அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்பாங்ளர் 1908-இல் தூசி உறிஞ்சும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் செய்த கருவியில் தலையணை உறையே தூசிப்பை! பின்னர் காகிதப் பைகள் வந்தன. காற்றை வெளியே விட்டுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டிகள் இவை.

ஹூவர் கருவிகளின் பைகளிலேயே ஏ, சி, ஒய் எனப் பல வகைகள் உண்டு. பையின் வாய் கருவியோடு இறுகப் பொருந்தாவிட்டால், இடுக்கு வழியே தூசி கசியும். எனவே பழைய கருவிக்கு மாதிரி எண் பார்த்தே பை வாங்கவேண்டும். அந்தப் பை கிடைக்காவிட்டால்? நன்றாக ஓடும் மோட்டாரும் குப்பைக்குத்தான் போகும்!

பிரிட்டனில் 1841-இல் ஜோசப் விட்வொர்த் திருகு மரைகளுக்குப் பொது அளவுகளை முன்மொழிந்தார். பைகளின் வாய்க்கும் அப்படியொரு பொது அளவு வேண்டாமா? நாளைய பொறியாளர்களே, சிந்தியுங்கள்!