நுண்குமிழியும் இரத்த உறைவும்

இரத்தக் குழாயில் உறைந்து நிற்கும் கட்டியை ஒலியால் கரைத்துவிடலாம் என்னும் செய்தி அவ்வப்போது பத்திரிகைகளில் வெளிவருகின்றது. அதைக் கண்டோர் ஆசிரியர்களிடமும் சுகாதார ஊழியர்களிடமும் விளக்கம் கேட்பது இயல்பே. இம்முறையில் உண்மை உண்டு. ஆயினும் பக்கவாதத்தில் அது காட்டிய பயன் வேறு, மாரடைப்பில் காட்டிய பயன் வேறு. இவ்வேற்றுமையைக் கருதாமல் புகழ்வதும் இகழ்வதும் ஒருங்கே பொருந்தா என்பது எமது கருத்து.

நுண்குமிழி என்பது கொழுப்பாலோ ஆல்புமினாலோ ஆன மெல்லிய உறையினுள் அடைபட்ட வாயு. அதன் விட்டம் சில மைக்ரான்களே. ஆதலின் சிவப்பணுவைப் போலவே நுரையீரலின் நுண்குழாய்களைக் கடந்து செல்லும். இரத்தத்தில் எளிதில் கரையாத, புளூரின் சேர்ந்த வாயுக்களே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகின்றன. குமிழிகள் இதயப் படத்தைத் தெளிவாக்கும் என்று 1968-இல் கிராமியாக், ஷா ஆகிய இருவரும் எழுதினர். சிகிச்சை பற்றிய எண்ணம் பின்னர் எழுந்ததேயாகும். செவிக்கு எட்டாத ஒலியலை பட்டவுடன் குமிழி சுருங்கியும் விரிந்தும் துடிக்கின்றது. அலையின் அழுத்தம் மிகுந்தால் குலைந்து உடைகின்றது. அப்போது சுற்றியுள்ள திரவத்தில் எழும் ஓட்டமும் தாரையும் உறைவின் பைப்ரின் வலையைத் தளர்த்தி, மருந்து உட்புக வழி செய்கின்றன. நீரில் குமிழி குலையும்போது எழும் அழுத்தத்தை ராலே பிரபு 1917-இலேயே கணக்கிட்டார். கப்பல்களின் உந்துவிசிறிகள் அரிக்கப்படுவதோடும் தொடர்புடைய ஆராய்ச்சி அது. பள்ளிகளில் அவர் பெயரை வானத்து நீலத்தோடு நிறுத்திவிடுகிறோம். இதனையும் சேர்த்துக் கூறலாம்.

பக்கவாதத்தில் நிகழ்ந்தது யாது? உறைவைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்துடன் 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியையும் செலுத்தி 126 பேரிடம் நடத்திய சோதனை 2004-இல் வெளியாயிற்று. இரண்டு மணி நேரத்துள் குழாய் முற்றிலும் திறந்தோ, வியக்கத்தக்க குணம் கண்டோ இருந்தவர்கள் ஒலி பெற்ற பிரிவில் 49 சதவீதம், பெறாத பிரிவில் 30 சதவீதம். நம்பிக்கை பிறந்தது. ஆனால் மண்டையோடு ஒலியைப் பெரிதும் உறிஞ்சிவிடும். சிலருக்குப் பொட்டின் எலும்பு வழியே அலை செல்லவே செல்லாது. எலும்பை எளிதில் ஊடுருவும் 300 கிலோஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்திய சோதனை, மூளையில் இரத்தக்கசிவு மிகுந்தமையால் இடையில் நிறுத்தப்பட்டது. அதன் விவரம் 2005-இல் வெளியாயிற்று. நுண்குமிழியின் அளவை இரட்டித்த மற்றொரு சோதனையில் 11 பேரில் மூவருக்குக் கசிவு உண்டானது. அது 2009-இல் வந்த அறிக்கை. குமிழி சேர்த்து நார்வேயில் நடந்த சோதனையிலும் (2017), குமிழியின்றி 676 பேரிடம் நடந்த பெரிய சோதனையிலும் (2019) நோயாளிக்கு அதிகப்படியான நன்மை ஒன்றும் புலப்படவில்லை. ஆகவே பக்கவாத நோயாளிக்கு ஒலிச்சிகிச்சை உண்டா என்று கேட்போருக்கு, இன்று இல்லை என்றே விடையளிக்க வேண்டும். வாய் கோணிக் கை தளர்ந்தவரை, கரைக்கும் மருந்துக்குரிய நாலரை மணி நேரம் கழியுமுன் மருத்துவமனை சேர்ப்பதே செயற்பாலது.

இதயத்தின் நிலை இதனின் வேறானது. விலாக்களின் இடைவெளி வழியே ஒலி எளிதாகச் செல்லும். எக்கோ பரிசோதனைக்குரிய சாதாரணக் கருவியே போதும். பிரேசிலின் சாவோ பவுலோ நகரில் மாரடைப்பு நோயாளிகள் 100 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. கதீட்டர் செலுத்துவதற்கு முன்னரே இரத்தக் குழாய் திறந்திருந்தோர், குமிழியும் ஒலியும் பெற்றவர்களில் 48 சதவீதம், பெறாதவர்களில் 20 சதவீதம். ஒரு நகரத்து முடிவு, எண்ணிக்கையும் சிறிது. எனினும் அந்நோயாளிகள் அனைவருக்கும் கதீட்டர் சிகிச்சை அருகிலேயே இருந்தது என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அவ்வசதி பல மணிப் பயணத்துக்கு அப்பாலுள்ள மாவட்ட மருத்துவமனையில் இம்முறை என்ன செய்யும்? இக்கேள்வியைக் கேட்கவேண்டியவர்கள் நாமே. அங்கே இன்று முதலில் கிடைப்பது ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ் ஊசி மட்டுமே. ஸ்ட்ரெப்டோகைனேஸ் தயாரிக்கும் முறையைச் சண்டிகரின் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்து நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு அளித்தது. அம்மருந்தோடு குமிழியையும் ஒலியையும் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடும் சோதனையை, பெருநகரங்களில் அன்றி அம்மாவட்ட மருத்துவமனைகளிலேயே நடத்துதல் வேண்டும். கசிவு நேர்ந்தால் உடனே நிறுத்தும் அதிகாரம் பெற்ற தனிக்குழு ஒன்றும் தொடக்கமுதல் இருத்தல் வேண்டும்.

இதற்குக் கருவிச் சட்டம் தடையாகும் என்பர் சிலர். கருவின் பாலைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒலிப்படக் கருவி ஒவ்வொன்றும் பதிவு பெற்ற இடத்திலேயே இருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு 2012-இல் மேலும் கட்டுப்பாடுகள் வந்தன. அச்சட்டம் ஏன் பிறந்தது என்பதைக் களப்பணியாளர் நன்கறிவர். அதைத் தளர்த்துமாறு கோருவதற்கு யாம் உடன்படோம். சோதனை பதிவு பெற்ற மருத்துவமனைக்குள் நடக்குமாயின் தளர்த்தத் தேவையும் இல்லை. பிற்காலத்தில் ஆம்புலன்சில் கொண்டு செல்லும் நிலை வருமாயின், படம் காட்டாது ஒலியை மட்டும் செலுத்தும் கருவியை நம் பொறியாளர் ஆக்கலாம். 676 பேர் பங்குகொண்ட அப்பெரிய சோதனையில் தலையில் அணிவித்த சாதனம் அத்தகையதே.