பரீட்சை மண்டபத்தை வைத்துக்கொண்டு வகுப்பறையை மூடிய கம்பனி

போன வாரம் ஒரு பெற்றோர் கூட்டம். தலைப்பு, பிள்ளைகளைக் கெடுக்கும் வீடியோ கேம்கள். நாங்கள் நான்கைந்து ஆசிரியர்கள் பின் வரிசையில் இருந்தோம். பேச வந்தவர் நன்றாகத்தான் பேசினார். ஃபோனுக்குள் தலையைக் கவிழ்த்துக் கிடக்கும் பிள்ளை, தூக்கமில்லாத கண், சுடுகிற விளையாட்டு, வாப்பாவின் கார்டில் காசு கழிகிற விளையாட்டு. அவர் சொன்ன எதையும் நாங்கள் மறுக்கவில்லை. தினமும் வகுப்பில் பார்ப்பதுதானே. ஆனால் முடிக்கும்போது ஒரு சவால் விட்டார்: "ஒரு பிள்ளையைக் கதிரையை விட்டு எழுப்பிய வீடியோ கேம் இந்த உலகத்தில் ஒன்றாவது உண்டா? காட்டுங்கள் பார்ப்போம்."

உண்டு. அன்றைக்கு எழும்பிச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பெயர் டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன். சுருக்கமாக டீடீஆர். ஜப்பானின் கொனாமி கம்பனி 1998 இல் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரமாக இறக்கியது. தரையில் நான்கு அம்புக்குறிகள்: இடம், வலம், முன், பின். திரையில் அம்புகள் கீழிருந்து மேலே ஏறி வரும். மேலே உள்ள அடையாளத்தை அம்பு தொடுகிற அதே கணத்தில் தரையில் உள்ள அம்பைக் காலால் மிதிக்க வேண்டும். கையில் எதுவும் இல்லை. முழு விளையாட்டும் இவ்வளவுதான். ஆனால் வேகம் கூடக் கூட மூச்சு வாங்கும், சட்டை நனையும். நிமிடத்துக்கு 300 தாளம் ஓடும் "மேக்ஸ் 300" என்ற பாட்டை ஆடி முடிப்பவரைப் பார்த்தால் யாரும் அதைச் சோம்பேறி விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

1999 ஏப்ரலில் அது ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. டீவிக்கு முன்னால் விரிக்க ஒரு மெல்லிய பாய். 2001 இல் அமெரிக்க வீடுகளுக்கும் போனது. ஐரோப்பாவில் அதற்கு "டான்சிங் ஸ்டேஜ்" என்று வேறு பெயர். அதற்குப் பிறகு அது போகாத பெட்டி இல்லை. ட்ரீம்காஸ்ட், நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பொக்ஸ், கேம்கியூப், வீ, எக்ஸ்பொக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3. கையடக்கமான கேம் போய் கலருக்குக்கூட ஒன்று விட்டார்கள். கால் விளையாட்டைப் பெருவிரலால் ஆட வேண்டும், அதற்கென்று பட்டன்களுக்கு மேல் மாட்ட ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி! சிரிப்பு வருகிறதா? எங்களுக்கும் வந்தது.

இனி எங்கள் வழக்குக்கு வருகிறோம்.

ஆர்கேட் இயந்திரம் ஒரு பரீட்சை மண்டபம். காசு போட்டால் இரண்டு மூன்று பாட்டு. பிழை விட்டால் மானி இறங்கும், இறங்கி முடிந்தால் ஆட்டம் முடிந்தது, இறங்கிப் போ. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், பார்ப்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அது மேடை. கூச்சமுள்ள பிள்ளைக்கு அது தண்டனை.

வீட்டுப் பதிப்பு வகுப்பறை. இதைக் கம்பனியே செய்து காட்டியது என்பதுதான் விசேஷம். அமெரிக்காவில் வந்த பிளேஸ்டேஷன் 2 பதிப்புகளைப் பாருங்கள். பாடப் பகுதி என்று ஒன்று, ஓரடி ஈரடியாகச் சொல்லிக் கொடுக்கும். பயிற்சிப் பகுதி என்று இன்னொன்று. தடுமாறுகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, வேகத்தைக் குறைத்து, எத்தனை தடவையும் திரும்ப ஆடலாம். உடற்பயிற்சிப் பகுதியில் எடையைக் கொடுத்தால் எத்தனை கலோரி செலவானது என்று கணக்கு வைக்கும். திருத்தும் பகுதியில் பிள்ளை தானே ஒரு பாட்டுக்கு அடிகளை அமைக்கலாம். ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் கணத்திலேயே சரியா, பிந்தியதா, தவறியதா என்று பதில் வரும். நாங்கள் ஒரு கட்டு அப்பியாசக் கொப்பியைத் திருத்திக் கொடுக்க ஒரு கிழமை எடுக்கிறோம். அதற்குள் தான் எங்கே பிழை விட்டோம் என்பதைப் பிள்ளை மறந்தே போய்விடும்.

மெதுவாக்கு, திரும்பச் செய், யாரும் பார்க்கவில்லை. கற்பித்தலில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் இதுதான். நாற்பது பேர் வகுப்பில் எங்களால் செய்ய முடியாமல் போவதும் இதுதான்.

இது எங்கள் கற்பனை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா, பிள்ளைகளின் உடற்பருமன் பெரிய பிரச்சினையாக இருந்த ஒரு மாநிலம். பல்கலைக்கழகம் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தது. மாநில அரச ஊழியர் காப்புறுதி அமைப்பு துணை நின்றது. 2006 இல், மாநிலத்தின் 765 அரச பாடசாலைகளுக்கும் இந்த விளையாட்டைக் கொண்டு போகும் திட்டத்தை அறிவித்தார்கள். கொனாமியும் அதில் பங்காளி. உடற்கல்விப் பாடவேளையில், பந்து விளையாட்டில் கடைசியாகத் தெரிவு செய்யப்படுகிற பிள்ளைக்கு அணியும் இல்லை, தோற்றால் திட்டுவதற்கு ஆளும் இல்லை. காலும் பாயும் மட்டும். ஒரு வீடியோ கேமை அரசாங்கமே பாடசாலைக்குள் அழைத்த கதை இது.

அப்படிப்பட்ட ஒரு பொருளைக் கையில் வைத்திருந்த கம்பனி அதை எப்படி நடத்தியது?

முதலில் பாய். ஆர்கேடில் உலோக மேடையும் பிடிக்கக் கைப்பிடியும். வீட்டுக்குத் தந்தது, உள்ளே மெல்லிய கடத்தும் தாள் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு. வேகமாக ஆடினால் சறுக்கும், சுருளும், சில மாதத்தில் ஓர் அம்பு செத்துவிடும். செத்தது பாய், தோற்றது பிள்ளை. ஓட்டப் போட்டிக்கு அழைத்து கிழிந்த சப்பாத்தைக் கொடுத்த கதை. நல்ல பாயைச் செய்து விற்க வெளியாட்கள் வந்தார்கள். அவர்களில் ஒன்று ரெட்ஒக்டேன் என்ற சிறு கம்பனி. பாய் விற்றுப் பழகிய அவர்கள், 2005 இல் பிளாஸ்டிக் கிட்டாரோடு "கிட்டார் ஹீரோ"வை வெளியிட்டு உலகத்தையே திருப்பிப் போட்டார்கள். கொனாமியிடம் 1999 இலிருந்தே "கிட்டார் ஃப்ரீக்ஸ்" என்ற கிட்டார் விளையாட்டு இருந்தது. அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டு போக மனம் வரவில்லை. வைத்திருந்தவன் தூங்கினான், பாய் விற்றவன் விழித்திருந்தான்.

பிறகு பாட்டு. ஒரே "எக்ஸ்ட்ரீம்" என்ற பெயர். ஆர்கேடில் 240 பாட்டு. 2004 இல் அமெரிக்க வீட்டுக்கு வந்த டிஸ்கில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜப்பானில் அதே பெயரில் வந்த டிஸ்க் வேறு. அதை வாங்கினால் அமெரிக்கப் பெட்டியில் ஓடாது, பிராந்தியப் பூட்டு. முதல் பிளேஸ்டேஷன் காலத்தில் "அப்பெண்ட்" டிஸ்க் என்று ஒன்று விற்றார்கள். அதைத் தனியாகப் போட்டால் வேலை செய்யாது, முன்பு வாங்கிய டிஸ்கை முதலில் போட்டுப் பிறகு மாற்ற வேண்டும். எக்ஸ்பொக்ஸுக்கு 2003 இல் வந்த "அல்ட்ராமிக்ஸ்" இல் இணையத்தில் காசு கொடுத்துப் புதுப் பாட்டு இறக்கலாம் என்றார்கள். நல்ல விஷயம்தான். 2010 ஏப்ரலில் பழைய எக்ஸ்பொக்ஸின் இணையச் சேவையை மைக்ரோசொஃப்ட் மூடியது. காசு கொடுத்தவர் பெட்டி பழுதானால் அந்தப் பாட்டை இனி அங்கிருந்து எடுக்க வழியில்லை. அது கொனாமியின் கை அல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பாட்டுகளைப் பிறகு ஒரு டிஸ்கிலாவது போட்டுத் தந்திருக்கலாமே?

அதோடு வழக்கு. ரொக்சர் என்ற ஒரு சிறு அமெரிக்கக் கம்பனி "இன் த குரூவ்" என்று இதே பாணியில் ஒரு விளையாட்டைச் செய்தது. 2005 இல் பிளேஸ்டேஷன் 2 க்கும் வந்தது. கொனாமி வழக்குப் போட்டது. 2006 இல் சமரசம் ஆகி அந்த விளையாட்டின் உரிமை கொனாமி கைக்குப் போனது. தன் உரிமையைக் காக்க ஒரு கம்பனிக்கு நியாயம் இருக்கலாம். நாங்கள் சட்டம் படித்தவர்கள் இல்லை. ஆனால் வாங்கிய உரிமையை வைத்து என்ன செய்தது? பக்கத்து வீட்டுக் கிணறு தன் காணிக்குள் வருகிறது என்று வழக்காடி வென்று, பிறகு அந்தக் கிணற்றை மூடி வைத்தால் ஊர் என்ன சொல்லும்?

2011 இல் வீ பெட்டிக்கு "டீடீஆர் II" வந்தது. அதோடு வீட்டுக் கன்சோல் வரிசை நின்றது. ஆர்கேட் நிற்கவில்லை, கவனியுங்கள். 2016 இல் "ஏ", 2019 இல் "ஏ20", 2022 இல் "ஏ3", 2024 இல் "வேர்ல்ட்" என்று புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஜப்பானில் கணினிக்கு ஒன்று உண்டு, அதிலும் பாட்டுகளுக்குக் காசு கட்ட வேண்டும். கன்சோலுக்கு ஒன்றும் இல்லை. பரீட்சை மண்டபம் திறந்திருக்கிறது, வகுப்பறைக்குப் பூட்டு.

"அந்தக் காலம் போய்விட்டது சேர், இப்போது ஜஸ்ட் டான்ஸ் இருக்கிறதே" என்று சொல்வார்கள். இருக்கிறது. 2009 இல் வந்த யூபிசொஃப்டின் அந்த விளையாட்டு கோடிக்கணக்கில் விற்றது. அதில் கையில் பிடித்த ரிமோட்டின் அசைவைத்தான் அளக்கிறார்கள். சோபாவில் சாய்ந்தபடி கையை மட்டும் ஆட்டிப் புள்ளி எடுக்கிற கலையை எந்தப் பிள்ளையும் ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடிக்கும். எங்கள் பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடிப்பார்கள். டீடீஆர் பாயை ஏமாற்ற ஒரே வழி, கையால் அடிப்பது. அதுவும் குனிந்து நிமிர்ந்து வியர்க்கிற வேலை.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். கம்பனியை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயமில்லை.

"மைதானம் இருக்க எதற்குப் பாய்?" என்று கேட்பவர்களே, எந்த மைதானம்? யாருக்கு மைதானம்? நம் ஊரில் பெண் பிள்ளை தரம் ஏழு எட்டு வந்ததும் மைதானத்தின் ஓரத்துக்குப் போகிறாள். அடுத்த வருடம் மைதானத்துக்கே வருவதில்லை. விளையாட்டுப் பாடவேளையைக் கணித ஆசிரியர் கேட்டால் நாமே கொடுத்துவிடுகிறோம். மாலையில் டியூஷன். மழைக்காலத்தில் மைதானமே குளம். பிறகு முப்பது வயதில் சீனி வருத்தம் என்றால் ஆச்சரியப்படுகிறோம். நான்கு சுவருக்குள், யாரும் பார்க்காமல், ஆறடிக்கு ஆறடி இடத்தில் ஒரு பிள்ளை ஓடலாம் என்றால் அது அவளுக்குத்தான் முதலில் தேவை. இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது.

ஆட்டம், பாட்டு, இதெல்லாம் கூடுமா என்று கீழே கேட்பீர்கள், தெரியும். அதை ஆலிம்களிடம் கேளுங்கள், நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம். ஸ்டெப்மேனியா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஆர்வலர்கள் கூடிச் செய்தது, மூலநிரலும் திறந்தது. பழைய கணினியிலும் ஓடும். அதில் எந்த ஒலியை வைக்கலாம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். வெறும் தஃப் சத்தத்துக்கும் அடி அமைக்கலாம், கைதட்டலுக்கும் அமைக்கலாம். நாங்கள் அமைத்திருக்கிறோம்.

ஆம், எங்களிடம் ஒரு பாய் இருக்கிறது. கட்டாரிலிருந்து வந்த ஒரு பெற்றோர் பழைய பிளேஸ்டேஷன் 2 வோடு தந்தது. பெட்டி ஒரு தவணைக்குள் போய்விட்டது. பாயை ஒரு பலகைத் தட்டில் டேப் போட்டு ஒட்டி, ஒரு மாற்றியை வாங்கிக் கணினியில் மாட்டினோம். மழை நாளில் பாடவேளை இல்லாத நேரத்தில், தரம் ஒன்பது மாணவிகள், கதவைச் சாத்திக்கொண்டு. முதல் நாள் யாரும் ஏறவில்லை. இரண்டாம் நாள் வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி ஏறினாள். மூன்றாம் கிழமை மற்றவர்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்: "அம்பைப் பார்க்காதடி, சத்தத்தக் கேளு."

வலது அம்பு இப்போது வேலை செய்வதில்லை. வலது அம்பு இல்லாத பாட்டுகளாக நாங்களே அமைத்து ஓட்டுகிறோம்.

உங்கள் வீட்டு அலுமாரி மேலே, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டு வந்து, தூசி படிந்து கிடக்கும் டான்ஸ் பாய் ஏதாவது இருந்தால் குப்பையில் போட வேண்டாம். எந்தப் பெட்டிக்கு உரியதானாலும் பரவாயில்லை, வயரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உள்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கள். வந்து எடுத்துக்கொள்கிறோம்.