மார்க் பிளாக்: வயலையும் வதந்தியையும் படித்தவர்

மார்க் பிளாக் 1886 ஜூலை 6 அன்று பிரான்சின் லியோன் நகரில், அல்சாஸைப் பூர்வீகமாகக் கொண்ட யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ரோமானிய வரலாற்றுப் பேராசிரியர். பாரிஸிலும் பின்னர் பெர்லின், லைப்சிக் நகரங்களிலும் படித்தவர், பள்ளி ஆசிரியராகத்தான் வேலையைத் தொடங்கினார்.

முதல் உலகப்போரில் சார்ஜென்டாகப் போய் கேப்டனாகத் திரும்பினார். போர்முனையில் அச்சில் வந்த செய்தியைவிட வாய்வழி வந்த வதந்திக்கே மதிப்பு அதிகமாக இருந்தது. அதை ஆராய்ந்து 1921இல் கட்டுரை எழுதினார். பொய்ச் செய்தியும் ஒரு சமூகத்தின் மனதைக் காட்டும் சான்றுதான் என்ற அந்தப் பார்வை, 1924இல் பெரிய நூலானது. அரசர் தொட்டால் கண்டமாலை நோய் தீரும் என்று பிரெஞ்சு, ஆங்கிலேய மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பியதன் வரலாறு அது.

1919 முதல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணி. அங்கே உடன் பணியாற்றிய லூசியன் ஃபெவ்ருடன் சேர்ந்து 1929இல் 'அனால்' இதழைத் தொடங்கினார். மன்னர்களையும் போர்களையும் சுற்றியே வந்த வரலாற்றெழுத்தை விலை, விளைச்சல், நம்பிக்கை பக்கம் திருப்பிய இதழ் இது. ஓர் ஆய்விதழ் ஒரு துறையின் திசையையே மாற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

1931இல் வந்த பிரெஞ்சுக் கிராம வரலாற்று நூலில் பிளாக் நில வரைபடங்களிலிருந்து பின்னோக்கிப் போகிறார். வடக்கு பிரான்சின் வயல்கள் ஏன் நீண்டு ஒடுங்கியிருக்கின்றன? சக்கரம் பூட்டிய கனத்த கலப்பையை அடிக்கடி திருப்ப முடியாது. சால் நீளமாக ஓட வேண்டும். ஆனால் கலப்பையோடு அவர் நிற்கவில்லை. ஊரே ஒத்துப்போகும் வழக்கம் இல்லாமல் அப்படிப்பட்ட வயல்கள் நிலைத்திருக்காது என்கிறார். ஒற்றைக் காரணத்தில் திருப்தியடையாத இந்தப் பிடிவாதம்தான் அவருடைய பெரிய பலம்.

1936இல் சோர்போனில் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியரானார். 1939இல், 53 வயதில், ஆறு பிள்ளைகளின் தந்தையாக மீண்டும் படைக்குப் போனார். ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்ற 1940லேயே அதன் காரணங்களை எழுதிவைத்தார்; 'விசித்திரத் தோல்வி' என்ற அந்நூல் 1946இல்தான் வெளியானது. தோல்விக்குப் பின் ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு யூதர்களுக்கு எதிராக இயற்றிய சட்டங்களால் 'அனால்' அட்டையிலிருந்து அவர் பெயர் நீங்கியது. ஃபூழேர் என்ற புனைபெயரில் எழுதினார். நூலகங்களை விட்டு விலகியிருந்த அந்த ஆண்டுகளில்தான் வரலாற்றாசிரியரின் தொழில் பற்றிய நூலையும் எழுதத் தொடங்கினார்.

பிறகு லியோனில் தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் இயங்கினார். 1944 மார்ச்சில் நாஜி ரகசியக் காவல்படையான கெஸ்டபோ அவரைக் கைதுசெய்து சித்திரவதை செய்தது. ஜூன் 16 அன்று மற்ற கைதிகளோடு சுட்டுக்கொன்றது. வரலாற்றாசிரியரின் தொழில் பற்றிய, முடிவுறாத அந்த நூலை ஃபெவ்ர் 1949இல் வெளியிட்டார். பிரான்சின் பெருமக்களுக்கான நினைவிடமான பாந்தியோனில் பிளாக்குக்கு இடமளிக்கப்படும் என்று பிரெஞ்சு அரசு 2024இல் அறிவித்தது.