பரங்கியின் வயதைக் காம்பில் பாருங்கள்

பொங்கல் நெருங்கும்போது பரங்கிக்காயைத் தேடி வியாபாரிகள் வருகிறார்கள். வண்டி வரப்பில் நின்றதும், கண்ணில் படும் பெரிய காய்களை எல்லாம் ஒரே நாளில் வெட்டி ஏற்றிவிடுகிறோம். முற்றியதும் முற்றாததும் ஒரே குவியலாகப் போகின்றன. இந்த வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

நன்கு முற்றிய பரங்கி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று மாதம் கெடாமல் இருக்கும். குளிர்பதனக் கிடங்கு இல்லாமலே நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். தக்காளிக்கும் கத்தரிக்கும் இல்லாத இந்த வசதியை அவசர அறுவடையில் இழக்கிறோம். முற்றாத காய் சீக்கிரம் சுருங்கும். சிராய்ப்பு பட்ட இடத்தில் அழுகும். பக்கத்துக் காயையும் கெடுக்கும்.

கோ 1 ரகத்துக்கு 175 நாள், கோ 2 ரகத்துக்கு 135 நாள் என்பது பயிரின் வயது. காயின் வயது வேறு. ஒரே கொடியில் பெண்பூக்கள் வெவ்வேறு நாளில் பூக்கின்றன. முதலில் பிடித்த காய் முற்றும்போது, நுனிக்காய் பிஞ்சாகவே இருக்கும். அளவும் ஏமாற்றும். காய் முதலில் பருத்துவிடும். தோல் இறுகுவதும் சதையில் நிறமும் இனிப்பும் ஏறுவதும் அதற்குப் பிறகுதான்.

அதனால் ஒவ்வொரு காயிலும் மூன்றைப் பாருங்கள். தோலின் பச்சை மறைந்து, ரகத்துக்கு உரிய முற்றிய நிறம் வந்திருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது. காம்பு பசுமை இழந்து, காய்ந்து கட்டைபோல் ஆகியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் வெட்டலாம்.

பனி காய்ந்த பிறகு, இரண்டு அங்குலக் காம்போடு கத்தியால் வெட்டுங்கள். முறுக்கிப் பறித்தால் காம்பு பிய்ந்து, அந்த வழியே அழுகல் நுழையும். காம்பைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம். மழை படாத நிழலில், வைக்கோல் மேல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆறவிடுங்கள். பிறகு இருப்பு வைக்கலாம்.

கடன் தவணையும் காட்டுப்பன்றியும் நெருக்கும்போது காத்திருப்பது எளிதல்ல என்பதை அறிவேன். எல்லாக் காயையும் நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. உடனே பணம் வேண்டுமென்றால் இளங்காயைக் கறிக்காயாக விற்றுவிடுங்கள். முற்றிய காயை அதோடு கலந்து ஒரே விலைக்குக் கொடுக்காதீர்கள்.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிர் வயதை மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். காய் பிடிக்கும் பருவத்தில் வயலுக்குப் போய், பத்துக் காய்களின் அருகே தேதி எழுதிய குச்சியை நடச் சொல்லுங்கள். அந்தக் காய்கள் முற்ற எத்தனை நாள் ஆகிறது என்று அடுத்த பட்டத்துக்குள் அந்த விவசாயிக்கே தெரிந்துவிடும். பிறகு எப்போது வெட்டுவது என்பதை வண்டிக்காரர் முடிவு செய்ய வேண்டியதில்லை.