எண்ணெய் குறைந்தால் குறி கூடும்

பெருமாட்டியின் பெயர் வெளியூர்களில் பரவியது தண்ணீரால். பிளாச்சிமடை குளிர்பான ஆலைக்கு எதிராக 2002இல் தொடங்கிய போராட்டம் பாலக்காடு மாவட்டத்தின் இந்த எல்லை ஊராட்சியை நாடறிய வைத்தது. ஆனால் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் இந்த வட்டாரத்து விவசாயியின் அன்றாடக் கவலை வேறு. நெல்லில் மயில், கிழங்கில் காட்டுப் பன்றி, தென்னையில் அணில். தகர டப்பாவைத் தட்டிப் பார்த்து, பட்டாசு வெடித்துப் பார்த்து அலுத்தவர்களின் கண் அடுத்துப் போவது ஏர் கன் மீது.

சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் உள்நாட்டு ஏர் கன்னை வாங்குபவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் போகும்?" வீட்டுக்கு வந்த பிறகு எழும் இரண்டாவது கேள்வி, "இன்னும் வேகம் கூட்டலாமா?" பதிலைத் தேடி அவர் கை போவது அலமாரியில் இருக்கும் எண்ணெய்க் குப்பிக்கு. தையல் மெஷின் எண்ணெய், இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். துப்பாக்கியின் கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்பிரிங் வைத்த ஏர் கன் உண்மையில் ஒரு முரட்டு சைக்கிள் பம்பு. குழலை மடக்கும்போது உள்ளே கனத்த ஸ்பிரிங் சுருங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து சிலிண்டரில் உள்ள காற்றை நசுக்குகிறது. அந்தக் காற்று சிறு துளை வழியே புறப்பட்டு ஈய ரவையைத் தள்ளுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நசுங்கும் காற்று சூடாகும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும். இங்கே அந்தச் சூடு பல நூறு டிகிரியை எட்டும். அந்த அறையில் எண்ணெய் இருந்தால், டீசல் இன்ஜினில் நடப்பதுபோலத் தானாகவே பற்றிக்கொள்ளும். குழல் முனையில் புகை, காதில் படார் என்று ஒரு சத்தம். துப்பாக்கிக்கு வேகம் கூடிவிட்டது என்று உரிமையாளர் மகிழ்வார். உள்ளே வாஷர் கருகும், ஸ்பிரிங் நொறுங்கும், ஒவ்வொரு ரவையும் ஒவ்வொரு வேகத்தில் போகும். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. மார்கழிக் குளிரில் உறையும், நாள்பட்டால் பிசினாகும்.

சரியான பராமரிப்பு மிக எளிது. மரக்கட்டையை இரும்போடு பிணைக்கும் திருகாணிகளை அவ்வப்போது சரிபார்ப்பது முதல் வேலை. ஸ்பிரிங் உதறலில் அவை தளர்ந்தால் குறி அலையும். பாதிப் புகார்களுக்கு மருந்து ஒரு திருப்புளிதான். அடுத்தது குழலின் உட்புறம். நைலான் நூலில் சிறு துணியைக் கட்டி, ரவை போடும் பக்கத்திலிருந்து முனை நோக்கி இழுத்தால் ஈயக் கறை வந்துவிடும். குழல் மடங்கும் அச்சில் ஒரு பொட்டு கிரீஸ் போதும். வெளி இரும்பு துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு.

காற்று கசிகிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். குழல் மடங்கும் இடத்தின் மேல் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து, பாதுகாப்பான திசையில் ஒரு ரவை சுட வேண்டும். காகிதம் பறந்தால் அங்குள்ள ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றுவதற்குச் சொற்பச் செலவுதான். உள்ளே இருப்பது தோல் வாஷர் என்றால், அது காயாமலிருக்க எப்போதாவது ஓரிரு துளி தோல் எண்ணெய். பிளாஸ்டிக் வாஷர் என்றால் அதுவும் தேவையில்லை.

ஸ்பிரிங்கைத் தொட நினைப்பவர்கள் சற்று நிற்க வேண்டும். சுடாதபோதும் அது இறுக்கத்தில்தான் இருக்கிறது. பின்புறத்தைக் கழற்றினால் நெஞ்சிலோ முகத்திலோ பாயும். அதை அடக்கிப் பிடிக்கும் சாதனம் உள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அவர் செய்வதும் பெரிய வித்தை அல்ல. பழைய எண்ணெயைத் துடைத்து, பிசிறுகளைத் தேய்த்து, பிஸ்டனின் பக்கங்களில் மாலிப்டினம் கிரீஸை மெல்லப் பூசி, ஸ்பிரிங் அதிராமலிருக்கக் கெட்டியான கிரீஸைக் கொஞ்சம் தடவுவார். ரவை இல்லாமல் வெறுமனே சுடுவதும் கூடாது. எதிர்ப்பில்லாத பிஸ்டன் நேரே சிலிண்டர் சுவரில் மோதும்.

இத்தனையும் செய்தால் வேகம் கூடாது, சொல்லப்போனால் சற்றுக் குறையலாம். ஆனால் பத்து ரவைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். குறி என்பது அதுதான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியில் நடு வட்டம் அரை மில்லிமீட்டர் புள்ளி. அந்தப் போட்டித் துப்பாக்கிகளின் விசை சுமார் 7.5 ஜூல். அரை கிராம் ரவையை விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் தள்ளும் சாதாரண ஏர் கன்னுக்கே 10 ஜூல் உண்டு. தங்கம் வாங்கியது வேகமல்ல, மாறாத தன்மை.

வேகம் கூட்டும் ஆசைக்குச் சட்டமும் வேலி போட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி விசை 20 ஜூலைத் தாண்டினாலோ, குழல் விட்டம் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். கனத்த ஸ்பிரிங்கை மாட்டிப் பார்ப்பவர், தெரியாமலே அந்த வேலியைத் தாண்டக்கூடும்.

அப்படித் தாண்டினாலும் வயல் காப்பாற்றப்படாது. காட்டுப் பன்றியை ஏர் கன் கொல்லாது, காயப்படுத்திக் கோபமூட்டும். பயிரழிக்கும் பன்றிகளைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியபோதும், அந்த வேலை உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கே உரியதாக இருந்தது. மயிலோ 1963 முதல் தேசியப் பறவை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. பறவையியலாளர் கே.கே. நீலகண்டன் நினைவாகச் சூலனூரில் மயிலுக்கென்றே ஒரு சரணாலயம் வைத்திருக்கும் மாவட்டம் இது.

இந்தியாவின் மறு கோடியான அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் ஏர் கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. பறவைகள் அற்றுப்போகின்றன என்று கேட்டு, மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். பெருமாட்டியில் ஒப்படைக்க வேண்டியதில்லை. தென்னந்தோப்பில் ஒரு மண்மேட்டை முதுகாக வைத்து, பத்து மீட்டரில் காகித அட்டையை மாட்டினால் போதும். நன்றாகத் துடைத்து, எண்ணெய் குறைத்த ஏர் கன்னுக்கு அதைவிடக் கடினமான இரை கிடையாது.